தொப்பைக் கொழுப்பு வேற, தொடைக் கொழுப்பு வேற

வெயிட் மெஷின்ல ஏறி நின்னா ஒரு நம்பர் காட்டும், அவ்ளோதான். அதுல எலும்பு எவ்ளோ, சதை எவ்ளோ, கொழுப்பு எவ்ளோ, அந்தக் கொழுப்பு எங்க போய் உக்காந்திருக்கு, இது ஒண்ணும் மெஷினுக்குத் தெரியாது. பிஎம்ஐயும் அதே கதைதான், வெயிட்டையும் ஹைட்டையும் வச்சு ஒரு கணக்கு. ஒரே ஹைட், ஒரே வெயிட், ஒரே வயசுல ரெண்டு பேர எடுத்துக்கங்க, ஒருத்தருக்கு சுகர், பிபி, ஃபேட்டி லிவர்னு வரிசையா வந்திருக்கும், இன்னொருத்தரோட ரிப்போர்ட்ட பாத்தா எல்லாம் நார்மல். அவருக்கு யோகம்னு சொல்லிட்டு போயிடுறோம். காரணம் நெறைய இருக்கலாம், ஆனா அதுல பெரிய காரணம் ஒண்ணு அவரோட கொழுப்பு சேர்ற இடமும், அந்த இடத்து ஃபேட் செல்லோட குணமும்.

இத முதல்ல உருப்படியா எழுதி வச்சவர் ழான் வாக்னு ஒரு பிரெஞ்சு டாக்டர், மார்சேய் நகரத்துக்காரர், வருஷம் 1947. குண்டா இருக்குறவங்க எல்லாரும் ஒரே மாதிரி குண்டா இல்ல, சிலருக்கு மேல் உடம்புல, வயித்துல சேருது, சிலருக்கு இடுப்புக்குக் கீழ பின்பக்கத்துலயும் தொடையிலயும் சேருது, சுகர், ரத்தக்குழாய் அடைப்பு இதெல்லாம் முதல் கூட்டத்துக்குத்தான் அதிகம் வருதுன்னு அவர் கவனிச்சார். ரொம்ப வருஷம் யாரும் பெருசா கண்டுக்கல. 1984ல ஸ்வீடன்ல கோத்தன்பர்க்ல, 1913ல பொறந்த ஆம்பளைங்கள 13 வருஷம் தொடர்ந்து பாத்த ஒரு ஆய்வு வந்துச்சு, அதுல யாருக்கு ஹார்ட் பிரச்சனை, ஸ்ட்ரோக் வருதுங்கறத பிஎம்ஐயை விட இடுப்புச் சுத்தளவுக்கும் பின்பக்கச் சுத்தளவுக்கும் உள்ள விகிதம் நல்லா காட்டிக் குடுத்துச்சு. 2005ல இன்டர்ஹார்ட்னு 52 நாட்டுல எடுத்த ஆய்வு வந்தப்போ இதையே இன்னும் பெரிய அளவுல சொன்னாங்க. ஆக எங்க சேருதுங்கறது முக்கியம்னு ஒத்துக்கிட்டாச்சு. ஏன்னு கேட்டாத்தான் விஷயம் சுவாரசியமா போகுது, அத எழுதத்தான் இந்தப் பதிவு.

நான் கொஞ்ச காலம் கொழுப்புத் திசு வச்சு வேலை பாக்குற லேப்ல இருந்தேன். வெயிட் குறைக்குற ஆபரேஷன் பண்ணிக்குறவங்க சம்மதம் குடுத்தா, ஆபரேஷன் நடக்குறப்பவே சர்ஜன் ரெண்டு எடத்துலேர்ந்து சின்னத் துண்டு எடுத்துத் தருவார். ஒண்ணு வயித்துத் தோலுக்கு நேர் கீழ இருக்குறது, சப்க்யூட்டேனியஸ். இன்னொண்ணு உள்ள குடலுக்கு முன்னாடி திரை மாதிரி தொங்குற ஓமென்டம், விசரல் கொழுப்புன்னு எல்லாரும் சொல்றதுல முக்கியமான பங்கு. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல தட்டுல வச்சா கண்ணாலயே வித்தியாசம் தெரியும். தோலுக்குக் கீழ இருக்குறது கட்டி கட்டியா, நடுவுல வெள்ளை நார் ஓடி, கத்திரிக்கு அடங்காது, வெட்டி முடிக்குறதுக்குள்ள கை வலிக்கும். ஓமென்டம் மெல்லிசா, வழவழன்னு, ரத்தக்குழாய் வலையா படர்ந்து, தொட்டாலே பிஞ்சு வரும்.

அதப் பொடிப் பொடியா நறுக்கி கொலாஜினேஸ்ங்கற என்சைம்ல போட்டு 37 டிகிரில ஆட்டிக்கிட்டே இருந்தா செல்ல ஒட்டி வச்சிருக்குற நார் கரைஞ்சு செல் தனித்தனியா கழண்டு வந்துடும். இந்த முறைய 1964ல கொண்டு வந்தவர் மார்ட்டின் ராட்பெல், பின்னாடி 1994ல வேற ஒரு கண்டுபிடிப்புக்காக நோபல் வாங்குனவர். வடிகட்டி கொஞ்ச நேரம் விட்டா ஃபேட் செல் எல்லாம் மேல மிதந்து வெளிர் மஞ்சள்ல ஒரு படலமா நிக்கும், ஏன்னா உள்ள பூரா எண்ணெய்தானே. மத்ததெல்லாம், அதாவது இன்னும் ஃபேட் செல்லா மாறாத குட்டி செல்லு, ரத்தக்குழாய் செல்லு, எதிர்ப்பு சக்தி செல்லு எல்லாம், சுத்த விட்டா அடில போய் உக்காந்துக்கும். கொழுப்புத் திசுல எண்ணிக்கைப்படி பாத்தா பாதிக்கு மேல இந்த அடில உக்கார்ற கூட்டம்தான், இடத்த அடைச்சுக்குறது மட்டும்தான் ஃபேட் செல். மேல மிதக்குறத பைபெட்ல எடுக்குறப்போ டிப்போட நுனிய கத்திரியால வெட்டி வாய பெருசாக்கிக்கணும், இல்லன்னா பெரிய செல்லெல்லாம் படார் படார்னு உடைஞ்சு மேல எண்ணெய் மிதக்கும். எந்த சாம்பிள்ல அதிகமா எண்ணெய் மிதக்குதோ அதுல செல் பெருசா இருந்துருக்குன்னு எண்ணிப் பாக்காமலே ஒரு யூகம் வந்துடும்.

மைக்ராஸ்கோப்ல பாத்தா ஒவ்வொரு செல்லும் ஒரே ஒரு பெரிய எண்ணெய்த் துளி, நியூக்ளியஸ் ஒரு ஓரமா நசுங்கிப் போய் ஒட்டிக்கிட்டு இருக்கும். சைஸ் வித்தியாசம்தான் அசர வைக்கும். 50 மைக்ரான் (ஒரு மைக்ரான்னா மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்கு) விட்டம் இருக்குற செல்லும் இருக்கும், 100 மைக்ரான தாண்டுனதும் இருக்கும். விட்டம் ரெண்டு மடங்குன்னா கொள்ளளவு எட்டு மடங்குங்கறத ஞாபகம் வச்சுக்கங்க, இது கீழ வரும்.

அடில உக்காந்த குட்டி செல்ல எடுத்து வளர்த்துப் பாத்தா இன்னொரு கதை. ரெண்டு எடத்து செல்லுக்கும் ஒரே தட்டு, ஒரே மீடியம், ஒரே இன்சுலின், ஒரே ஹார்மோன் கலவை குடுக்குறோம். தோலுக்குக் கீழேர்ந்து வந்தது அழகா உள்ள துளித்துளியா எண்ணெய் கட்டிக்கிட்டு ஃபேட் செல்லா மாறும். ஓமென்டத்துலேர்ந்து வந்தது முரண்டு பிடிக்கும், கொஞ்சம்தான் மாறும், பாக்கி அப்படியே கிடக்கும். உடம்ப விட்டு வெளிய வந்தாச்சு, நரம்பு கிடையாது, ரத்தம் கிடையாது, பக்கத்துல குடல் கிடையாது, அப்பவும் தான் எந்த இடத்து ஆளுங்கறத அது மறக்குறதில்ல.

இதுக்கு ஜீன் அளவுல காரணம் இருக்கு. கரு வளர்றப்போ தலை எது வால் எதுன்னு தீர்மானிக்குற ஹாக்ஸ் ஜீன்கள், அதோட டிபிஎக்ஸ்15, ஷாக்ஸ்2 மாதிரி சில ஜீன்கள், ஒவ்வொரு இடத்துக் கொழுப்புலயும் வேற வேற அளவுல வேலை செஞ்சுட்டே இருக்கு, பெரியவங்களான பிறகும். 2006ல அமெரிக்காவுல சுகர் ஆராய்ச்சி பண்ற ரொனால்ட் கான் குழு இத வெளியிட்டாங்க. ஹாட்டேர்னு ஒரு ஆர்என்ஏ, அதாவது ஜீன்லேர்ந்து எடுக்குற நகல், இருக்கு, பின்பக்கக் கொழுப்புல நல்லா தெரியும், வயித்துக் கொழுப்புல தேடணும். எலில பாத்ததுல உள் கொழுப்பு செல்லுல ஒரு நல்ல பங்கு, டபிள்யூடி1ங்கற ஜீன் வேலை செய்ற வேற ஒரு வம்சத்துலேர்ந்தே வருது, தோலுக்குக் கீழ இருக்குறது அந்த வம்சமே இல்ல. அதனால இத ஒரே உறுப்போட ரெண்டு கிளைன்னு சொல்றத விட ரெண்டு தனி உறுப்புன்னே சொல்லலாம்னு எனக்குத் தோணும்.

பிளாஸ்டிக் சர்ஜரி பண்ற டாக்டருங்களுக்கு இது எப்பவோ தெரியும். கை தீஞ்சு போனவங்களுக்கு வயித்துத் தோல அடில உள்ள கொழுப்போட எடுத்து புறங்கைல வச்சுத் தைச்சிருப்பாங்க, பல வருஷம் கழிச்சு அவங்க வெயிட் போட்டப்போ தொப்பையோட சேந்து புறங்கையும் உப்பிடுச்சுன்னு பழைய மருத்துவக் குறிப்புல இருக்கு. கைக்கு வந்தும் அது வயித்துக் கொழுப்பாத்தான் நடந்துக்கிச்சு.

இப்ப எண்ணிக்கைக்கு வருவோம். குண்டாகுறப்போ ஃபேட் செல் புதுசா முளைக்குதா, இருக்குறது சைஸ்ல பெருசாகுதா? 2008ல ஸ்டாக்ஹோம்ல கிர்ஸ்டி ஸ்பால்டிங்கும் பீட்டர் ஆர்னரும் சேந்து ஒரு ஆய்வு பண்ணாங்க, அந்த யோசனைக்கே ஒரு கும்பிடு போடணும். 1950கள்ல, 60கள் ஆரம்பத்துல வானத்துல அணுகுண்டு வெடிச்சு சோதனை பண்ணாங்கள்ல, அப்போ காத்துல கார்பன்-14ங்கற கதிரியக்க கார்பன் எக்கச்சக்கமா ஏறிடுச்சு, தடை வந்த பிறகு வருஷா வருஷம் இறங்கிட்டே வருது. ஒரு செல் பொறக்குறப்போ அதோட டிஎன்ஏல அந்த வருஷத்து கார்பன்-14 அளவு பதிஞ்சுடும், அப்புறம் மாறாது. அத அளந்தா செல் எந்த வருஷம் பொறந்ததுன்னு சொல்லிடலாம். அப்படி அளந்ததுல, வருஷத்துக்கு பத்துல ஒரு பங்கு ஃபேட் செல் செத்து புதுசு வருது, ஆனா மொத்த எண்ணிக்கை சின்ன வயசுலயும் டீனேஜ்லயும் முடிவாகி அதுக்கப்புறம் பெருசா மாறுறதில்லன்னு தெரிஞ்சுது. வெயிட் குறைக்குற ஆபரேஷன் பண்ணி நல்லா மெலிஞ்சவங்களுக்கும் செல் சுருங்கிச்சே தவிர எண்ணிக்கை குறையல. மெலிஞ்சவங்க கொஞ்சம் அசந்தாலும் வெயிட் ஏன் அவ்ளோ ஈஸியா திரும்புதுன்னா, காலியான செல் அத்தனையும் அங்கயேதான் இருக்கு, அது ஒரு காரணம்.

அந்த ஆய்வுல எடுத்தது தோலுக்குக் கீழ இருக்குற கொழுப்பு. 2010ல அமெரிக்காவுல மேயோ கிளினிக்ல மைக்கேல் ஜென்சன் குழு கேட்ட கேள்வி இன்னும் நறுக்குன்னு இருந்துச்சு, வயித்துலயும் தொடையிலயும் ஒரே மாதிரியா நடக்குதுன்னு பாத்தாங்க. 28 பேர 8 வாரம் வேணும்னே அதிகமா சாப்பிட வச்சு, முன்னாடி ஒருவாட்டி பின்னாடி ஒருவாட்டி சாம்பிள் எடுத்தாங்க. வயித்துத் தோலுக்குக் கீழ இருந்த செல் சைஸ்ல பெருசாச்சு. தொடைல செல் சைஸ்ல பெருசாகல, புதுசா முளைச்சுது. கீழ் உடம்புல 1.6 கிலோ கொழுப்பு ஏறுனதுக்கு கிட்டத்தட்ட 260 கோடி புது செல், வெறும் 8 வாரத்துல. பெரியவங்களுக்கு எண்ணிக்கை மாறவே மாறாதுன்னு சொல்லிட்டு இருந்ததுல இடத்துக்கு இடம் விதி வேறன்னு அப்பதான் தெரிஞ்சுது.

எனக்கு இந்த மொத்த சப்ஜெக்ட்லயும் பிடிச்ச ரிசல்ட் இதுதான், ஏன்னா மத்தது எல்லாம் இதுலேர்ந்து கிளை பிரியுது. ஒரு செல் 100 மைக்ரான தாண்டி ஊதுறப்போ ரத்தக்குழாய்லேர்ந்து வர்ற ஆக்ஸிஜன் அதோட மறுகோடி வரைக்கும் போய்ச் சேர்றதே கஷ்டம். ஆக்ஸிஜன் பத்தலன்னா செல் ஆபத்து சிக்னல் விடும், சுத்தி நார் கட்டும், நார் கட்டுனா இன்னும் விரிய முடியாது, கடைசில செத்துப் போகும். செத்த செல்லு சும்மா போகாது, உள்ள இருந்த எண்ணெய் மொத்தமும் வெளில. அத துப்புரவு பண்ண மேக்ரோஃபேஜ் செல் கூட்டமா வந்து சுத்தி நின்னு வளையம் கட்டும், ஸ்லைடுல பாத்தா கிரீடம் மாதிரி இருக்கும், பேரே கிரீட அமைப்புன்னுதான். 2003ல ரெண்டு குழு தனித்தனியா இத கவனிச்சு, குண்டானவங்க கொழுப்புல மேக்ரோஃபேஜ் நெறைய வந்து குடியேறி அழற்சி, அதாவது இன்ஃப்ளமேஷன், கிளப்புதுன்னு எழுதுனாங்க, அதுலேர்ந்து இந்தத் துறையே தலைகீழா மாறிடுச்சு. அழற்சி சிக்னல் இன்சுலின் வேலையக் கெடுக்கும். குண்டானவங்ககிட்ட பொதுவா இந்தக் கூட்டம் தோலுக்குக் கீழ இருக்குறத விட ஓமென்டத்துல அதிகம்.

இத்தனைக்கும் ஓமென்டத்து செல், குறிப்பா பெண்கள்ல, தோலுக்குக் கீழ இருக்குறத விட சைஸ்ல சின்னது. அதனால சைஸ் மட்டுமே எல்லாத்தையும் விளக்கிடாது, அந்த இடத்து செல்லோட வயரிங்கும் வேற. கொழுப்ப வெளில விடுன்னு சொல்றது அட்ரினலின் வகை ஹார்மோன், விடாத, பூட்டி வைன்னு சொல்றது இன்சுலின். அட்ரினலின் செல் மேல உக்கார ரெண்டு விதமான ரிசப்டர் இருக்கு, பீட்டா வகைல உக்காந்தா கதவு திறக்கும், ஆல்ஃபா-2 வகைல உக்காந்தா கதவு மூடும். பெண்களோட பின்பக்கம், தொடைல ஆல்ஃபா-2 ஜாஸ்தி. ஓமென்டத்துல பீட்டா கை ஓங்கியிருக்கு, போதாததுக்கு இன்சுலின் பூட்டச் சொன்னாலும் அது சரியா கேக்காது. அதனால உள் கொழுப்பு சட்டுன்னு ஏறும், சட்டுன்னு இறங்கும், டயட்டோ எக்ஸர்சைஸோ ஒழுங்கா ஆரம்பிச்சா முதல்ல காலியாகுறதும் அதுதான், எக்ஸர்சைஸ் பண்ணி வெயிட் குறையாம இருந்தா கூட உள் கொழுப்பு கொஞ்சம் குறையும்னு ஸ்கேன்ல காட்டியிருக்காங்க. தொடைக் கொழுப்பு மெதுவா வந்து, மெதுவா கூட போகாது. அதப் பாத்து எரிச்சல்படுறவங்கதான் அதிகம், ஆனா உள்ள போன கொழுப்ப கண்ட நேரத்துல ரத்தத்துல கொட்டாம வச்சிருக்குறது உடம்புக்கு ஒரு உதவி.

இப்ப வர்றது கொஞ்சம் சர்ச்சையான இடம். ஓமென்டம், குடல் சுத்தியிருக்குற கொழுப்பு இதோட ரத்தமெல்லாம் போர்ட்டல் வெயின் வழியா நேரா லிவருக்குப் போகுது. அங்கேர்ந்து கிளம்புற கொழுப்பு அமிலமும் அழற்சி சிக்னலும் லிவர்ல போய் அடிக்குது, அதான் எல்லா வினைக்கும் காரணம்னு ஒரு தியரி, போர்ட்டல் தியரின்னு பேரு. கேக்க ரொம்ப அழகா இருக்கும், அதனாலதான் விசரல் ஃபேட்தான் வில்லன்னு வீடியோவுக்கு வீடியோ சொல்றாங்க. அதுல உண்மையும் இருக்கு, போர்ட்டல் ரத்தத்துல ஐஎல்-6ங்கற அழற்சிப் பொருள் கை தமனி ரத்தத்துல இருக்குறத விட 50 சதவீதம் அதிகமா இருந்துச்சுன்னு 2007ல அளந்து காட்டியிருக்காங்க. ஆனா கொழுப்பு அமிலக் கணக்கு வேற மாதிரி இருக்கு. ஜென்சன் குழு 2004ல அளந்தப்போ, லிவருக்குப் போற கொழுப்பு அமிலத்துல உள் கொழுப்போட பங்கு குண்டானவங்ககிட்ட கூட கால்வாசிக்குள்ளதான். பாக்கி பெரும்பங்கு மேல் உடம்புத் தோலுக்குக் கீழ இருக்குற கொழுப்புலேர்ந்து சுத்தி வர்றது. மொத்தக் கொழுப்புல விசரல் எவ்ளோன்னு பாத்தாலும் ஆண்களுக்கு 10லேர்ந்து 20 சதவீதம், பெண்களுக்கு 5லேர்ந்து 8 சதவீதம், அவ்ளோதான்.

வில்லன்னா வெட்டி எறிஞ்சா சரியாகணும் இல்லையா? வெட்டிப் பாத்துட்டாங்க. வெயிட் குறைக்குற ஆபரேஷனோட சேத்து ஓமென்டத்தையும் எடுத்தா இன்சுலின் வேலை இன்னும் நல்லா நடக்கும்னு எதிர்பாத்தாங்க, ஆபரேஷன் மட்டும் பண்ணவங்களுக்கும் ஓமென்டத்தையும் எடுத்தவங்களுக்கும் சொல்லிக்குற மாதிரி வித்தியாசம் வரல. இந்தப் பக்கம் 2004ல சாமுவேல் க்ளைன் குழு 15 பெண்களுக்கு லைப்போசக்‌ஷன் பண்ணி வயித்துத் தோலுக்குக் கீழேர்ந்து ஏறக்குறைய 10 கிலோ கொழுப்ப உறிஞ்சி எடுத்தாங்க, சாதாரணமா டயட்ல 10 கிலோ குறைச்சா சுகர், பிபி எல்லாம் எவ்ளோ இறங்கும், இங்க ஒண்ணும் அசையல. ஏன்னா உறிஞ்சினப்போ செல்லோட எண்ணிக்கைதான் போச்சு, மிச்சம் இருந்த செல் அதே சைஸ்ல, அதே நிலைமைல, உள் கொழுப்பும் லிவர் கொழுப்பும் தொடாம அப்படியே.

அப்ப கொழுப்பே இல்லன்னா? அதுக்கும் இயற்கையே பதில் வச்சிருக்கு, லிப்போடிஸ்ட்ரஃபின்னு ஒரு அபூர்வமான நோய். அவங்களுக்கு ஃபேட் செல்லே சரியா உருவாகாது, இல்ல கை கால்லேர்ந்து கொழுப்பு கரைஞ்சு போயிடும். எல்எம்என்ஏங்கற ஜீன் கோளாறுல வர்ற வகைல டீனேஜ் வயசுல ஆரம்பிச்சு கை, கால், பின்பக்கம் எல்லாம் வத்திப் போய் நரம்பு புடைச்சுத் தெரியும். பாக்க அத்லெட் மாதிரி, உள்ள பாத்தா கடுமையான சுகர், ரத்தத்துல எக்கச்சக்கமா டிரைகிளிசரைட்ங்கற கொழுப்பு, லிவர் பூரா கொழுப்பு. சாப்பிட்ட எனர்ஜிய போட்டு வைக்க குடோன் இல்ல, அதனால லிவர், தசை, கணையம்னு கண்ட இடத்துல இறங்குது. இதுக்கு நேர் எதிரா பயோக்ளிட்டசோன்னு ஒரு சுகர் மாத்திரை, புது ஃபேட் செல் உருவாகுறத தூண்டி விடுது, வெயிட் ஏறும், ஆனா ஏறுறது பெரும்பாலும் தோலுக்குக் கீழ, லிவர் கொழுப்பு குறையும், இன்சுலின் நல்லா வேலை செய்யும். வெயிட் ஏறி சுகர் இறங்குது! கேம்பிரிட்ஜ்ல அன்டோனியோ விடால்-புய்க் இதையெல்லாம் சேத்து வச்சு சொல்றது என்னன்னா, ஒவ்வொருத்தருக்கும் தோலுக்குக் கீழ பத்திரமா சேத்து வைக்க ஒரு எல்லை இருக்கு, அந்த எல்லை தாண்டுன பிறகுதான் பிரச்சனை, அந்த எல்லை ஆளுக்கு ஆள் வேற. எனக்கு போர்ட்டல் தியரிய விட இதுதான் பொருந்தி வருது. உள் கொழுப்பு ஏறுறது, வெளில இடம் தீந்து போச்சுங்கறதுக்கு ஒரு அறிகுறியாவும் இருக்கு, தன் பங்குக்கு கெடுதலும் பண்ணுது, ரெண்டும். 2008ல கான் குழு எலியோட தோலுக்குக் கீழ இருக்குற கொழுப்ப எடுத்து வயித்துக்குள்ள வச்சுப் பாத்தாங்க, எலி கெட்டுப் போகல, மாறா வெயிட்டும் குறைஞ்சு இன்சுலினும் நல்லா வேலை செஞ்சுது. இடம் மட்டும்தான் காரணம்னா அப்படி நடக்கக் கூடாதே.

எல்லை ஏன் ஆளுக்கு ஆள் வேறங்கறதுக்கு ஜீன்ல ஒரு நல்ல உதாரணம் கேஎல்எஃப்14. இதுல ஒரு மாறுதல் இருக்குற பெண்களுக்கு ஃபேட் செல் எண்ணிக்கை கம்மி, ஒவ்வொண்ணும் சைஸ்ல பெருசு, கொழுப்பு பின்பக்கத்துலேர்ந்து வயித்துப் பக்கம் நகருது, சுகர் வர்ற வாய்ப்பும் கூடுது. வேடிக்கை என்னன்னா அம்மாகிட்டேர்ந்து வந்த காப்பி மட்டும்தான் வேலை செய்யும், அப்பாகிட்டேர்ந்து வந்தது மூடியே கிடக்கும். ஆம்பளைங்ககிட்ட இந்த பாதிப்பு பெருசா தெரியறதில்ல.

ஹார்மோன் பக்கம் சுருக்கமா சொல்லிடுறேன், ஏன்னா அது தனிப் பதிவுக்கான விஷயம். ஈஸ்ட்ரோஜன் இருக்குற வரைக்கும் கொழுப்பு இடுப்புக்குக் கீழ போகும், மாதவிடாய் நின்ன பிறகு வயித்துக்கு வரும், டயட்டே மாத்தல ஆனா பேன்ட் இடுப்புல மட்டும் டைட் ஆயிடுச்சுன்னு சொல்ற பெண்கள் பொய் சொல்லல. தாய்ப்பால் குடுக்குற காலத்துல மட்டும் அந்த பிடிவாதமான தொடைக் கொழுப்பும் மனசு இறங்கி வெளிய வரும். கார்ட்டிசோல்ங்கற ஸ்ட்ரெஸ் ஹார்மோன் அதிகமாகுற குஷிங் நோய்ல வயிறும் முகமும் உப்பி கை கால் மெலிஞ்சு போகும், ஓமென்டத்துல கார்ட்டிசோல் ரிசப்டர் அதிகம்ங்கறது அதுக்கு ஒரு காரணம். கண்ணுக்குப் பின்னாடி, உள்ளங்கால்ல எல்லாம் இருக்குறது மெத்தை வேலைக்கு, சாதாரணமா டயட் இருந்தா அது கரையாது. எலும்பு மஜ்ஜைல இருக்குற கொழுப்பு பட்டினி கிடந்தா குறையாம கூடவே செய்யுது, அது ஏன்னு ஒரு தனி கூட்டமே மண்டைய உடைச்சுக்கிட்டு இருக்கு. கழுத்துப் பக்கம் இருக்குற பிரவுன் ஃபேட், குளிர்ல கொழுப்ப எரிச்சு சூடு உண்டாக்குற வகை, அது பத்தி ரொம்ப ஹைப் இருக்கு, பெரியவங்களுக்கும் அது இருக்குன்னு 2009ல நல்லா நிரூபிச்சாங்க, சரி, ஆனா அளவுல ரொம்ப கொஞ்சம், குளிர் தண்ணில குளிச்சா தொப்பை போயிடும்னு சொல்றத நான் நம்பல.

தொப்பைய மட்டும் குறைக்க எக்ஸர்சைஸ் இருக்கான்னு கேக்காதவங்களே கிடையாது. 1971ல டென்னிஸ் ஆடுறவங்கள வச்சுப் பாத்தாங்க, வருஷக் கணக்கா ஒரே கைல ராக்கெட் பிடிச்சு அடிக்குறவங்க, அந்தக் கை தசை பெருத்திருக்கும், ஆனா தோலுக்குக் கீழ கொழுப்போட தடிமன் ரெண்டு கைலயும் ஒண்ணுதான். வயித்துக்கு ஆயிரம் தடவ எக்ஸர்சைஸ் பண்ணா வயித்து தசை பலமாகும், மேல இருக்குற கொழுப்ப எங்கேர்ந்து எடுக்கணும்ங்கறத ரிசப்டரும் ஹார்மோனும் பாத்துக்கும், உங்கள கேக்காது. லைப்போசக்‌ஷன்லயும் இதே பிடிவாதம்தான். 2011ல கொலராடோ யுனிவர்சிட்டி ஆய்வுல தொடையிலயும் அடிவயித்துலயும் உறிஞ்சி எடுத்த பெண்கள ஒரு வருஷம் கழிச்சு அளந்தாங்க, மொத்தக் கொழுப்பு பழைய அளவுக்கே வந்துடுச்சு, தொடைக்கு வரல, வயித்துப் பக்கம் வந்துச்சு. தொடைல இருந்தா தொந்தரவு இல்லாம இருந்திருக்கும் சரக்க, காசு குடுத்து வயித்துக்கு ட்ரான்ஸ்ஃபர் பண்ண கணக்கு. அழகுக்காக பண்றது அவங்கவங்க இஷ்டம், ஹெல்த்துக்குன்னு யாராவது சொன்னா மட்டும் இத ஞாபகம் வச்சுக்கங்க.

சரி, வீட்ல உக்காந்து நம்ம என்ன பாக்க முடியும். உள் கொழுப்ப கரெக்டா அளக்க சிடி, எம்ஆர்ஐ வேணும், அது எல்லாருக்கும் தேவையில்ல. தையல் டேப் போதும். கடைசி விலா எலும்போட அடிக்கும் இடுப்பெலும்போட மேல் விளிம்புக்கும் நடுவுல, சட்டைக்கு மேல இல்லாம நேரா தோல் மேல, தரைக்கு சமமா சுத்துங்க. சாதாரணமா மூச்ச விட்டுட்டு அளங்க, வயித்த உள்ள இழுத்துட்டு அளந்து யாரையும் ஏமாத்த முடியாது. அந்த அளவு உங்க ஹைட்ல பாதிய தாண்டுச்சுன்னா, வெயிட் மெஷின் என்ன சொன்னாலும் சரி, சுகர், டிரைகிளிசரைட், லிவர் டெஸ்ட் மூணையும் டாக்டர்கிட்ட கேட்டு எடுத்துப் பாருங்க. தொடை பெருசா இருக்கு, ஆனா இடுப்பு பாதிக்குள்ளயே இருக்கு, ரிப்போர்ட்டும் நார்மல்னா, தொடைய திட்டாதீங்க, பேன்ட்ட ஒரு சைஸ் பெருசா எடுங்க.